பிளாஸ்டிக் மாடலில் வரும் கோளாறுகள்: எந்தக் குறைக்கு எந்தக் கருவி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதிதாக மாடல் கட்ட வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, என்னென்ன வாங்கணும்?" என்றுதான். நான் பட்டியல் கொடுப்பதில்லை. கொடுத்தால் சேர்த்து வைத்த நூறு இருநூறு வெள்ளி முழுக்கக் கருவிக்கே போய்விடும், அதில் பாதி இழுப்பறையில் தூங்கும். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் ஒரு சின்ன கிட்டை எடுத்துக் கட்டிப் பார் என்பேன். எங்கே தகராறு வருகிறதோ, அடுத்து எதை வாங்க வேண்டும் என்பதை அந்தத் தகராறே சொல்லிவிடும்.

அதனால் இதைக் கண்ணுக்குத் தெரியும் குறைகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் மாடலில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஆரம்பிக்கும்போது கையில் இருக்க வேண்டியவை நான்கு: நிப்பர் (பாகங்களை வெட்டி எடுக்கும் இடுக்கி மாதிரிக் கருவி), கூரான கத்தி, பிளாஸ்டிக் சிமெண்ட், கொஞ்சம் உப்புத்தாள். கண்டாம் ரோபோ மாதிரி பசையில்லாமல் கவ்விக்கொள்ளும் கிட் என்றால் சிமெண்ட்கூட வேண்டாம். ஏ4 அளவில் ஒரு வெட்டும் பாய் இருந்தால் மேசைக்கு நல்லது. உப்புத்தாள், கத்தி, வெள்ளைப் பசை, சாமணம் எல்லாம் ஊர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கும். நிப்பர், சிமெண்ட், பெயிண்ட் ஆகிய மூன்றுக்கும் ஈப்போ போக வேண்டும், அல்லது இணையத்தில் சொல்லி வரவழைக்க வேண்டும்.

வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது

கிட்டின் பாகங்கள் சின்னக் காம்புகளால் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டி வரும், அவற்றை வெட்டி எடுக்க வேண்டும். கறுப்பு, கருநீலம், சிவப்பு போன்ற அடர்நிறப் பாகங்களில் வெட்டிய இடத்து வெள்ளை பளிச்சென்று தெரியும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள், போகாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் நசுங்கி இழுபட்டிருக்கிறது. மாடல் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் இழுபடும்போது உள்ளே மிக நுண்ணிய விரிசல்கள் விழும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது.

முதலில் எதை வைத்து வெட்டினீர்கள் என்று பாருங்கள். வீட்டில் ஒயர் வெட்ட வைத்திருக்கும் கட்டர் என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதன் வாய் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும். செம்புக் கம்பிக்கு அது சரி, பிளாஸ்டிக்கை அது பிதுக்கும். மாடல் நிப்பரின் வாயைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம்தான் பாகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நல்ல நிப்பர் வாங்கியும் வெளுக்கிறது என்று வருகிறவர்களில் பலர் அதைத் திருப்பிப் பிடித்திருப்பார்கள்.

அடுத்தது, ஒரே வெட்டில் ஒட்ட வெட்டுவது. பாகம் சட்டத்தோடு சேர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக்குக்கு நகர இடம் கிடையாது, நிப்பரின் அழுத்தம் நேராகப் பாகத்துக்குள் போகும். அதனால் முதல் வெட்டைத் தள்ளிப் போடுங்கள். காம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பாகத்தோடு வரட்டும். பாகம் தனியாக வந்த பிறகு, காம்பில் ஒரு இழை மட்டும் மிஞ்சும்படி இரண்டாவது வெட்டு. அந்த இழையைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவி, 600 உப்புத்தாள், பிறகு 1000 (எண் கூடக் கூடத் தாள் நைசு) என்று தேய்த்தால் காம்பு இருந்த இடம் தெரியாது.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, மரத்தைக் காயப்படுத்தும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். நுனி 30 டிகிரி கூராக இருக்கும், உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் ஓல்ஃபா வகைக் கத்தி ஆரம்பத்துக்குப் போதும். கை அழுத்திச் சீவ வேண்டி வந்தால் பிளேடு முடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே உடைத்துவிடுங்கள். விரலை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் மழுங்கிய பிளேடால்தான், ஏனென்றால் அப்போதுதான் பலம் கொடுக்கிறோம். உடைத்த துண்டுகளை மூடியுள்ள மைலோ டின்னில் போட்டு வையுங்கள், குப்பைப் பையில் சும்மா போடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டும் விலையுயர்ந்த மெல்லிய நிப்பரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் அது அற்புதமான கருவி. ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். தடித்த சட்டத்தையோ கண்ணாடிப் பாகத்தையோ அதால் ஒருமுறை வெட்டினாலும் வாய் உடைந்துபோகலாம். சாதாரண நிப்பரில் கை பழகட்டும். பிறகு அதை வாங்கினால், பழையது முதல் வெட்டுக்கும் புதியது இரண்டாவது வெட்டுக்கும் ஆகும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கவலையே இல்லை. அடிக்கப் போவதில்லை என்றால் லேசாகத் தேய்த்துவிட்டு, கடைசியில் மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமில்லாத மேல்பூச்சு) ஒரு கோட்டிங் கொடுங்கள், பெருமளவு மறையும்.

ஒட்டிய பாகம் பெயர்ந்து வருகிறது

எந்தப் பசை என்பதுதான் முதல் கேள்வி. பிளாஸ்டிக் சிமெண்ட் மற்ற பசைகள் மாதிரி இடையில் நின்று பிடிப்பதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியான பிறகு அது ஒரே துண்டாகிவிடும். அதனால் அது கரைக்கக்கூடிய பிளாஸ்டிக்கில் மட்டும்தான் வேலை செய்யும். ரப்பர் மாதிரி வளையும் மூட்டுகள், பாலிதீன் பாகங்கள், பித்தளைத் தகடு, ரெசின் உருவங்கள், எதிலும் பிடிக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூதான்.

பாலிஸ்டைரீன் பாகமாக இருந்தும் பெயர்கிறது என்றால், ஒட்டும் முகத்தில் பெயிண்டோ குரோம் பூச்சோ இருக்கும். சட்டத்தில் இருக்கும்போதே பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சிமெண்ட் பெயிண்டைக் கரைக்கிறது, அடியில் உள்ள பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை. கத்தியின் முதுகால் அந்த முகத்தைச் சுரண்டி பிளாஸ்டிக்கை வெளியே கொண்டுவாருங்கள், அப்புறம் ஒட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பெயர்கிறதா? பொறுமை போதவில்லை. கால் மணி நேரத்தில் கையில் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் இறக்கை, பீரங்கிக் குழாய் மாதிரி பாரம் தாங்கும் இடங்களை ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒட்டிய இடம் உருகியிருக்கிறது, விரல்ரேகை பதிந்திருக்கிறது

பசை அதிகம். கெட்டியான சிமெண்டை இரண்டு முகத்திலும் தடவி அழுத்தினால் மிச்சமெல்லாம் ஓரத்தில் பிதுங்கும்.

இதற்கு மருந்து மெல்லிய சிமெண்ட். தமியாவின் பச்சை மூடி போட்ட 40 மில்லி குப்பியைத்தான் பெரும்பாலோர் வைத்திருப்பார்கள். தண்ணீர் மாதிரி ஓடும், மூடியிலேயே சின்ன பிரஷ் இருக்கும். முதலில் இரண்டு பாகத்தையும் காய்ந்த நிலையில் சேர்த்துப் பிடியுங்கள். பிரஷ் நுனியால் இணையும் கோட்டை ஓர் இடத்தில் மட்டும் தொடுங்கள். திரவம் தானாகவே இடுக்குக்குள் ஓடிப் பரவும். அந்தக் கோட்டின் மேல் உங்கள் விரல் இருக்கக் கூடாது, இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடிவிடும். விரல்ரேகை பதிவது அப்படித்தான்.

பதிந்துவிட்டால் உடனே துடைக்காதீர்கள். துடைத்தால் மென்மையான பிளாஸ்டிக் இழுபட்டு இன்னும் மோசமாகும். ஒரு நாள் காயவிட்டு 600, 1000 என்று ஈரத்தில் தேய்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: மாடல் சிமெண்ட் குப்பி தீர்ந்துவிட்டது என்று ஹார்ட்வேர் கடைத் தின்னரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கார் பெயிண்ட் கலக்கும் அந்தத் தின்னர் மெல்லிய பாகங்களைச் சிதைத்துவிடும். பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மாடலுக்குத் தள்ளி.

கண்ணாடிப் பாகம் பனி மூடியது போல் மங்கிவிட்டது

சூப்பர் குளூ காயும்போது வெளிவரும் ஆவி பக்கத்தில் உள்ள பரப்பில் வெள்ளையாகப் படிகிறது. மூடிய இடத்தில், அதாவது விமானியின் அறைக்குள்ளோ கார் கண்ணாடிக்கு உள்பக்கமோ, இது இன்னும் கூடும்.

1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் தொடங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டோடு உறவுள்ள விமானம் அது: பிரிட்டிஷ் வான்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் பணிப்பறப்பு போனது 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி, மலாயாக் காட்டைப் படமெடுக்க. அதைக் கட்ட ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அதன் கண்ணாடிக் கூண்டை ஒட்டும்போது சூப்பர் குளூவைத் தொடாதீர்கள். புத்தகக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையே இதற்குச் சரியானது. காய்ந்தால் நிறமில்லாமல் போகும், ஓரத்தில் பிதுங்கினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், சின்ன இடைவெளியையும் அடைக்கும்.

மங்கியது வெளிப்பக்கம் என்றால் 2000 உப்புத்தாளால் ஈரத்தில் லேசாகத் தேய்த்து, பாலிஷ் பசையோ பற்பசையோ பருத்தித் துணியில் தொட்டுத் தேயுங்கள், தெளிவு திரும்பும். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடிப் பாகம் வெட்டும்போதே விரிசல் விடுகிறதா? அந்தப் பிளாஸ்டிக் மற்றதைவிட எளிதில் நொறுங்கும். காம்பைத் தள்ளியே வெட்டிவிட்டு, மிச்சத்தை நிப்பரால் அல்ல, உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

இரண்டு பாதிக்கு நடுவில் கோடும் இடைவெளியும்

ஒட்டும் முன்பே பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் உள்ளே எங்கேயோ காம்பின் மிச்சம் தடுத்துக்கொண்டிருக்கும், அல்லது ஆணி குழிக்குள் முழுசாக இறங்கியிருக்காது. இதைச் சரிசெய்தாலே, இடைவெளியைப் பட்டி போட்டு அடைக்கும் வேலை பாதி மிச்சம். ஒட்டியதும் மாஸ்கிங் டேப்பையோ துணி கிளிப்பையோ போட்டு இறுக்கி வையுங்கள்.

அதற்கும் மேல் மிஞ்சும் இடைவெளிக்குத்தான் பட்டி. குழாயில் வரும் சாம்பல்நிறப் பட்டி காயக்காயச் சுருங்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரேயடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். தேய்த்து முடித்துப் பெயிண்ட் அடித்த பிறகு பள்ளம் விழும். மெல்லிசாக ஒரு முறை, ஒரு இரவு காயவிட்டு, தேவையென்றால் இன்னொரு முறை. மயிரிழைக் கோட்டுக்குச் சூப்பர் குளூவே பட்டியாக ஆகும். ஆனால் அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், அப்போது பிளாஸ்டிக் தேயும், பசை மேடாக நிற்கும்.

தேய்த்த இடத்தில் கீறல்கள் தெரிகின்றன

400-இல் தேய்த்துவிட்டு நேரே பெயிண்டுக்குத் தாவியிருக்கிறீர்கள். 400-இன் கீறலை 600 அழிக்கும், 600-இன் கீறலை 1000 அழிக்கும். நடுவில் தாண்டினால் கடைசித் தாள் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் போதாது. பளபளப்பு வேண்டுமென்றால் 2000 வரை போங்கள்.

இதற்காக மாடல் கடையில் விற்கும் சின்னப் பாக்கெட்டுகளை வாங்க வேண்டாம். கார் பெயிண்ட் சாமான் விற்கும் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள் முழுத் தாளாகக் கிடைக்கும். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு தாள் வாங்கிச் சின்னச் சின்னதாக வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். குச்சியின் பின்னால் எண்ணை எழுதிவிடுங்கள். எப்போதும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தாள் அடைபடாது, தூளும் மூக்கில் ஏறாது.

பிரஷ் கோடுகள் அப்படியே நிற்கின்றன

மூன்று காரணங்கள் இருக்கலாம்: பெயிண்ட் கெட்டி, பிரஷ் சிறிசு, அல்லது இரண்டாவது கோட்டிங்குக்கு அவசரம். இங்குள்ள வெயிலில் பெயிண்ட் தட்டிலேயே கெட்டியாகிவிடுகிறது என்பதால் முதல் காரணம்தான் அதிகம். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்காதீர்கள்.

தமியாவின் அக்ரிலிக் பெயிண்ட் ஸ்ப்ரே பிஸ்டலில் அருமையாக இருக்கும், பிரஷ்ஷில் கொஞ்சம் வம்பு. அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருப்பதால் இரண்டாவது முறை பிரஷ் படும்போது அடியில் உள்ளதை இழுத்துக்கொண்டு வரும். பிரஷ்தான் உங்கள் கருவி என்றால் வலேஹோ மாதிரி தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எடுங்கள். பால் மாதிரி ஓடும் அளவுக்குத் தண்ணீர் கலந்து, தட்டையான செயற்கை முடி பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். முதல் கோட்டிங் அசிங்கமாகத் தெரியும், அடியில் உள்ளது தெரியும், பயப்படாதீர்கள். காய்ந்த பிறகு இரண்டாவது, மூன்றாவது. அடித்த இடத்துக்குத் திரும்பப் போய்த் தொடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

முதலில் அடர்பச்சை, மேட் பெயிண்டில் பழகுங்கள். கோடுகளை அதிகம் காட்டாது. 1948 ஜூன் 16-இல் இந்த ஊர்த் தோட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போர்க்காலம், பிறந்தது. அந்தக் காலத்தில் நம் சாலைகளில் ஓடிய ஃபெரட் கவச வண்டி மாதிரி ஒன்று பிரஷ் பழக மிக நல்லது. வெள்ளையும் மஞ்சளும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை மூடுவதற்கு நிறைய கோட்டிங் கேட்கும்.

பெயிண்ட் உரிந்து வருகிறது

விரல்பட்டதும் செதிலாக வருகிறது, மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயிண்டும் கூடவே வருகிறது. பரப்பில் எண்ணெய் இருக்கிறது. அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்குத் தொழிற்சாலையில் தடவியது கொஞ்சம், நம் கைவியர்வை மீதி. பெயிண்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். அதன்பிறகு பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் கொடுக்கும் பூச்சு) ஒரு மெல்லிய கோட்டிங். தண்ணீர் அக்ரிலிக்குக்குப் பிரைமர் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெறும் பிளாஸ்டிக்கில் அதற்குப் பிடிமானம் குறைவு. பிரைமருக்கு இன்னொரு பயனும் உண்டு: மறந்துபோன கீறல், நிரம்பாத இடைவெளி எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் எடுத்துக் காட்டிவிடும்.

ஸ்ப்ரே அடித்ததும் வெள்ளையாகப் படர்கிறது

நம் ஊரில் இதுதான் தலையாய பிரச்சினை. பல நாள் உழைத்துக் கட்டி முடித்து, கடைசியாக மேட் கிளியர் அடிக்கும்போது மாடல் முழுக்கச் சாம்பல் பூத்தது போலாகிவிடும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகும். இங்கே அப்படிக் கடந்துபோக முடியாது.

ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயாத பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெள்ளையாகத் தெரிவது அந்த ஈரத்தின் வேலை. கிளியரில் நன்றாகத் தெரியும், அடர்நிறத்தின் மேல் இன்னும் தெரியும். தடித்து அடித்தால் மோசமாகும்.

எப்போது அடிப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது, வெயிலில்லை, அப்போது அடிக்கலாம் என்று தோன்றும். பொழுது விடியும் நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். மழை இல்லாத நாளில் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, மேகம் கூடுவதற்கு முன், அதுதான் நல்ல நேரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்தப் பக்கம் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மாதங்களில் கிளியர் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். மழை நின்றதும் அடிக்கவே கூடாது. தரையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்.

இதற்கென்று நான் ஒரு சாமான் வாங்கச் சொல்வேன்: சின்ன ஈரப்பதமானி. மலிவானது போதும். 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் கிளியர் குப்பியை எடுக்காதீர்கள். விலையுயர்ந்த எந்த ஸ்ப்ரேயைவிடவும் அது அதிகக் காசு மிச்சப்படுத்தும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், தேய்த்து எடுக்கவும் வேண்டாம். காய்ந்த நாளுக்காகக் காத்திருங்கள். அதே வகை கிளாஸ் கிளியரை (பளபளக்கும் மேல்பூச்சு) மெல்லிசாக, ஈரமாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு முறை அடியுங்கள். மேல்பரப்பு மறுபடி இளகி, சிக்கியிருந்த ஈரம் வெளியேறும், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். ஸ்ப்ரே பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரைக் கலந்துகொள்ளலாம். மெதுவாக ஆவியாவதால் பரப்பு அவ்வளவு குளிராது. பிறகு இன்னொரு காய்ந்த நாளில் மேட்.

ஸ்ப்ரே அடித்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது

தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள். துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து தூளாக விழுகின்றன. 20 சென்டிமீட்டர் அளவில் வைத்து, மாடலுக்கு வெளியே தொடங்கி, மாடலைக் கடந்து வெளியே நிறுத்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் வழியும். குப்பியை நன்றாக ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் துளி மெலிதாக வரும். அடுப்பு, கொதிநீர் பக்கமே போகாதீர்கள், வெடிக்கும்.

டேப் எடுத்தால் ஓரம் கசிந்திருக்கிறது

ஹார்ட்வேர் கடை மாஸ்கிங் டேப் சுவருக்கு. அதன் ஓரம் கசியும், நம் வெயிலில் பசையும் மாடலில் தங்கிவிடும். மாடலுக்கு என்று விற்கும் மஞ்சள் டேப் ஒரு சுருள் வாங்குங்கள், 6 அல்லது 10 மில்லிமீட்டர் அகலம். ஒட்டியபின் ஓரத்தை நகத்தாலோ குச்சியாலோ அழுத்திவிட்டு, அடியில் உள்ள அதே நிறத்தை ஒரு முறை டேப் ஓரத்தில் அடியுங்கள். கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். பிறகு புதிய நிறம். முழுக்கக் காய்வதற்கு முன், டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக எடுங்கள்.

டிகால் ஓரத்தில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது

டிகால் என்பது தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் எண், சின்னம் போன்ற மெல்லிய படம். அதற்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. மேட் பெயிண்டின் பரப்பு சொரசொரப்பானது, டிகால் அதன் மேடுகளில் மட்டும் உட்கார்ந்து நடுவில் காற்றை விட்டுவிடுகிறது. அதனால் டிகாலுக்கு முன் கிளாஸ் கிளியர், டிகாலுக்குப் பின் மேட் கிளியர் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டு சின்னக் குப்பிகள் இதற்கு உண்டு: டிகாலைப் பிடித்து நிற்க வைக்கும் மார்க் செட்டரை அதற்கு அடியில், அதை இளக்கும் மார்க் சாஃப்டரை மேலே தொட்டு வையுங்கள். சாஃப்டர் பட்டதும் டிகால் சுருங்கி நெளியும். அப்போது தொட்டால் கிழியும். விட்டுவிடுங்கள், காய்ந்தால் பெயிண்ட் மாதிரி படிந்துவிடும். ஏற்கெனவே பளபளக்கும் இடத்தில் ஊசியால் இரண்டு மூன்று குத்துக் குத்திச் சாஃப்டர் தொட்டு வையுங்கள்.

டிகால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகிறது என்றால் அது பழையது. மிச்சத்தை எடுப்பதற்கு முன் தாள் மேலேயே ஒரு கிளியர் கோட்டிங் கொடுத்தால் பிடித்து நிற்கும். ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்ட வெட்டிப் பயன்படுத்த வேண்டும். கட்டாத கிட்டுகளின் டிகாலை ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள். நம் ஈரத்தில் அவை மேல்தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

கோடு போட்டபின் பிளாஸ்டிக் வெடித்துவிட்டது

ரோபோ மாடல்களில் பள்ளங்களுக்குக் கறுப்புக் கோடு ஓடவிடும் திரவம் எனாமல் பெயிண்ட் வகை. வெறும் பிளாஸ்டிக்கில் அதைத் தாராளமாக ஓடவிட்டால், இறுக்கிப் பொருத்தியிருக்கும் மூட்டுகளுக்குள் எனாமல் தின்னர் புகுந்து விரிசல் விடும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் பாகங்களில் இன்னும் அதிகம். மாடலைக் கழற்றி, பாகங்கள் இறுக்கமில்லாமல் தனியாக இருக்கும்போது, கிளாஸ் கிளியருக்கு மேல் கொஞ்சமாகத் தொட்டு வையுங்கள். கிளியர் அடிக்க வசதியில்லை என்றால் கோடு போடும் பேனாவே பாதுகாப்பு.

பெயிண்ட் வகைகளின் வரிசையையும் ஞாபகம் வையுங்கள்: லாக்கர் அடியில், அதற்கு மேல் அக்ரிலிக், அதற்கு மேல் எனாமல். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருங்கி நெளிந்துவிடும்.

வேலை செய்தபின் தலை வலிக்கிறது

இதைக் குறை என்று நினைக்காமல் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ளக் கூடாது. சிமெண்டிலும் லாக்கரிலும் உள்ள கரைப்பான் மூச்சுவழி உடம்புக்குள் போகிறது. துணி மாஸ்க்கும் என்95-உம் தூளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிமக் கரைப்பான் ஆவிக்கு என்று குறிப்பிட்ட வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், வடிகட்டியின் வகையைப் பார்த்து வாங்குங்கள். வாசம் உள்ளே வரத் தொடங்கினால் வடிகட்டியை மாற்ற வேண்டும்.

ஸ்ப்ரேயை வீட்டு வாசலில், காற்று வெளியே போகும் பக்கமாக நின்று அடியுங்கள். சாமி விளக்கு எரியும் அறையிலும் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். தம்பி தங்கைகள் தூங்கும் அறையில் சிமெண்ட் குப்பியைத் திறக்காதீர்கள். ரெசின் பாகம் என்றால் தண்ணீரில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

சின்னப் பாகம் பறந்து காணாமல் போய்விட்டது

சாமணத்தின் நுனி சரியாகச் சேரவில்லை என்றால் பாகம் பறக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நுனி இரண்டும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். அழுத்தம் கூடினாலும் பறக்கும். காம்பு வெட்டும்போது பறக்கிறது என்றால் சட்டத்தையும் நிப்பரையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெட்டுங்கள்.

தேடிக் கிடைக்கவில்லையா? வெட்டிய சட்டத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் வழி இருக்கிறது. பெயிண்ட், தின்னர், பசை எல்லாவற்றையும் மூடித் தள்ளி வைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். சட்டத் துண்டைத் தீயில் படாமல், அதற்கு மேலே சற்று உயரத்தில் பிடித்துச் சுழற்றுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொங்கத் தொடங்கும்போது தீயைவிட்டு விலக்கி இரண்டு பக்கமும் இழுங்கள். வேகமாக இழுத்தால் முடி மாதிரி, மெதுவாக இழுத்தால் கம்பி மாதிரி வரும். ஆன்டெனா, கைப்பிடி, விமான மூக்கில் உள்ள குழாய், எல்லாவற்றையும் இதிலேயே அளவு பார்த்து நறுக்கிக்கொள்ளலாம். அதே பிளாஸ்டிக் என்பதால் அதே சிமெண்டில் ஒட்டும்.